சுமையும் சமநிலையும்

சுமை மிகுந்தால் படகு கவிழும் என்பர். சுமை மிகாமலே கவிழ்வதும் உண்டு.

ஈப்போவில் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் மாணவர் மூவருடன் லுமூட் கடலில் சிறு பாய்மரப் படகொன்றில் சென்றார். வெயிலுக்கு ஒதுங்கி மூவரும் பாயின் நிழலில் ஒரே பக்கமாக நெருங்கி அமர்ந்தனர். திடீரென்று காற்று வலுத்தது. பாய் சாய்ந்த பக்கமே பாரமும் இருந்ததால் படகின் விளிம்பு தாழ்ந்து கடல்நீர் உள்ளே புகுந்தது. அஞ்சி எழ முயன்ற மாணவனை மலாய்ப் படகோட்டி அதட்டி அமர்த்தினார். அனைவரும் குனிந்தபடியே காற்று வரும் பக்கத்திற்கு நகர்ந்தனர். படகு நிமிர்ந்தது. உடனே படகோட்டி உள்ளிருந்த நீரை இறைத்தார்.

கரை சேர்ந்ததும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, யாரும் இறங்கவில்லையே! பாரம் குறையாமல் படகு எப்படி நிமிர்ந்தது?"

ஆசிரியருக்குத் தம் தந்தையின் நினைவு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவர், காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவார். ஒருநாள் அவர் வாளிகளை இறக்கி இளைப்பாறிய வேளையில், அவருடைய களைப்பைக் காணப் பொறாத சிறுவன் பின்வாளிப் பாலில் சிறிதைத் தன் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டான். சுமை குறைந்தது, ஆனால் கம்பு முன்னே சாய்ந்தது. தந்தை தடுமாற, முன்வாளிப் பால் மண்ணில் கொட்டியது. அன்றைய கூலியும் குறைந்தது. "ரெண்டு வாளியிலும் சமமா எடுத்திருக்கணும், தம்பி" என்று மட்டும் அவர் சொன்னார்.

படகும் அத்தகையதே. முன்புறமாகிய அணியத்தில் பாரம் கூடினால் முகப்பு நீரில் அமிழும். பின்புறமாகிய அமரத்தில் கூடினால் வேகம் தளரும். எழுந்து நின்றால் பாரம் மேலேறி நிலை குலையும். உள்ளே புகுந்த நீரோ தாழ்ந்த பக்கமே ஓடிச் சாய்வைப் பெருக்கும். கோடியக்கரைப் பகுதியில் வத்தை என்னும் பாய்மரப் படகு ஓட்டியோர் இதனை நன்கறிந்திருந்தனர். படகின் குறுக்கே பலகை நீட்டி, காற்று வலுக்கும்போது காற்றுப்பக்க முனையில் சென்று அமர்ந்து அதனை நிமிர்த்தினர்.

பேராவிலும் சான்று உண்டு. தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கியது. அதன் எடை 4,500 டன். அதனைத் தாங்கிய மிதவையின் நீளம் 75 மீட்டர். அகலம் 35 மீட்டர். 2010களில் மிதவையில் நீர் கசியவே அப்பெருங்கப்பலும் சாய்ந்தது. பழுதுபார்த்த பின்னரே நிமிர்ந்தது.

கேள்வி கேட்ட மாணவி, தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த குடும்பத்தின் மூத்த மகள். சமையலும் தம்பி தங்கையரைப் பேணுவதும் அவளுக்கே உரியனவாயிருந்தன. வீட்டுப்பாடம் எழுத நேரமின்றி வகுப்பில் அடிக்கடி தலைகுனிந்து நிற்பாள். ஆசிரியர் அவளுக்குக் காண்டாக் கம்பின் கதையைச் சொன்னார். மறுவாரம் அவள் வீட்டிற்குச் சென்று பெற்றோரிடமும் அதையே சொன்னார்.

அன்றுமுதல் அவள் தம்பிக்கும் வீட்டில் வேலை இருந்தது.