மிச்சமிருக்க வேண்டிய அரைச் சுற்று

2012-ல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறிக்காக ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். குழித்தறிக்குக் கரண்ட் தேவையில்லை. நெய்கிறவன் கண்ணுக்கு வெளிச்சம் தேவை. விளக்கு மங்கினால் கத்தரிப்பூ நிறமும் கருநீலமும் ஒன்றாகிவிடும்.

அந்த எஞ்சினின் இழுகயிறு இதுவரை மூன்று முறை அறுந்துவிட்டது. மூன்று முறையும் திண்ணையில் உட்கார்ந்து நானே மாற்றினேன்.

முதலில் பிளக் மூடியைக் கழற்றிவிடுவேன். பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட்டைத் தளர்த்தினால் கயிற்று மூடி முழுதாகக் கையில் வந்துவிடும். உள்ளே ஒரு புல்லி, அதன் அடியில் சுருண்டு கிடக்கும் பட்டை ஸ்பிரிங், மேலே இரண்டு சின்ன நகங்கள். கயிற்றை இழுத்தால் நகங்கள் வெளியே விரிந்து எஞ்சின் கிண்ணத்தைப் பற்றிச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தாமாக உள்ளே மடங்கிக்கொள்ளும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் இப்படி ஓர் ஏற்பாடா என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் புல்லியைத் தூக்கவே மாட்டேன். தெறித்தால் கையைக் கிழித்துவிடும்.

புதுக் கயிறு பழைய கயிற்றின் கனமே இருக்க வேண்டும். எங்களுடையது 4 மில்லிமீட்டர். மெல்லியது புல்லி இடுக்கில் சிக்கும், தடித்தது முழுதாகச் சுற்றாது. நுனியை நெருப்பில் காட்டினால் நைலான் உருகிக் கெட்டிப்படும். பட்டென்றால் கருகிப் பொடியாகும்; எத்தனை வருடம் பட்டைத் தொட்டிருந்தாலும், நெருப்பைக் கண்டதும் என் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

கயிற்றின் ஒரு முனையைப் புல்லியிலும் மறு முனையைக் கைப்பிடியிலும் முடிந்தபின் வருவதுதான் உண்மையான வேலை. கயிற்றைப் புல்லியின் ஓரப் பள்ளத்தில் மாட்டி, இழுக்கும் திசையிலேயே புல்லியைச் சில சுற்று சுற்றி ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்ற வேண்டும். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். கோர்வை சேலையில் கரைக்கு ஊடை கோத்துத் தரும் ஆளைப் போல, என் மகள் எதிரே உட்கார்ந்து மூடியை அசையாமல் பிடித்துக்கொள்வாள். முறுக்கு குறைந்தால் கைப்பிடி தொங்கும். கூடினால், கயிறு முழுதும் வெளியே வருவதற்குள் ஸ்பிரிங் இறுகி ஒடியும். பாவிலும் இதே கதைதான்: தொய்ந்தால் நெசவு கெடும், இறுகினால் இழை அறும்.

கயிற்றைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, புல்லியை விரலால் தள்ளிப் பார்ப்பேன். அப்போதும் அது அரைச் சுற்றாவது நகர வேண்டும். நகர்ந்தால்தான் போல்ட்டை முடுக்குவேன்.

மூன்று முறையும் கயிறு அறுந்தது பழுதால் அல்ல, நாங்கள் இழுத்த விதத்தால். பக்கவாட்டில் இழுத்தோம், இழுத்ததும் கைப்பிடியை அப்படியே விட்டோம். இப்போது கம்ப்ரஷன் தட்டுப்படும்வரை மெல்ல இழுத்து, கயிற்றை உள்ளே போகவிட்டு, பிறகு நேராக ஒரே வீச்சில் இழுக்கிறேன். கைப்பிடியை மூடிவரை கூடவே கொண்டுபோய் வைத்த பிறகுதான் கையை எடுக்கிறேன்.