கஜா மேல் போட்ட பழி

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, அன்றைக்கே திண்டுக்கல் மாவட்டத்தையும் உலுக்கிவிட்டுப் போனது. கீழ்ப்பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நான் போட்டுக் கொடுத்த ஜீப் தடத்தை அந்தப் புயல்தான் அழித்தது என்று முதலாளியிடம் சொன்னேன். பொய். அதற்குப் பத்து நாள் முன்னால், தீபாவளியன்றே, தடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. போனில் படம் எடுத்திருந்தேன். தேதியோடு இருந்த அந்தப் படங்களை அழித்ததும் நான்தான்.

கோயம்புத்தூரில் ஜீப்பும் பைக்கும் மண்ணில் ஓட்டி வளர்ந்தவன் நான். செங்குத்தாக இருந்தால்தான் அது தடம் என்று நினைப்பு. விருந்தாளிகள் அலற வேண்டும் என்று முதலாளியும் சொல்லியிருந்தார். நூறடி போனால் முப்பதடி இறங்குகிற சரிவு அது. உச்சியில் நின்று, கீழே தெரிந்த ஓடையைப் பார்த்து ஜேசிபிக்காரருக்குக் கையை நீட்டினேன். ஒரே நேர்கோடு. இரண்டு நாளில் வேலை முடிந்தது.

தோட்டத்து மேஸ்திரி அன்றே சொன்னார்: “தம்பி, மூட்டை ஏத்துற குதிரைகூட இப்படி நேரா இறங்காது. தண்ணிதான் இறங்கும்.” குதிரைக்குப் போடுவது வேறு, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குப் போடுவது வேறு என்று அவருக்குப் பாடம் நடத்தினேன்.

படிக்காமல் செய்த தப்பு என்றும் சொல்ல முடியாது. சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் 2004இல் வெளியிட்ட ‘டிரெயில் சொல்யூஷன்ஸ்’ என் அலமாரியில் இருந்தது. சைக்கிளுக்கு எழுதியதுதான், ஆனால் மண்ணுக்கு எந்த வண்டி என்று தெரியவா போகிறது? பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது, மொத்தப் பாதைக்கும் சராசரி 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது அது. என் சரிவுக்கு 15தான் உச்ச வரம்பு. நான் போட்டது முழு 30. வளைவுகளின் படங்களை ரசித்துவிட்டு, தண்ணீரைப் பற்றிய பக்கங்களைப் புரட்டித் தள்ளியிருந்தேன்.

ஏறும் வண்டியின் சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று மண்ணைக் கிளப்பும். இறங்கும் வண்டி பிரேக் பிடித்துச் சுரண்டும். சீக்கிரமே இரண்டு சக்கரச் சுவடும் இரண்டு வாய்க்காலாகிவிட்டன. பக்கத்தில் வழிய இடமில்லாத தண்ணீர் அவற்றோடு வேகம் பிடித்தது. அதற்குப் புயல் வேண்டியதில்லை, புரட்டாசி மழையே போதும். பள்ளத்துக்குப் பயந்த டிரைவர்கள் ஓரத்தில் ஏற்றி ஏற்றி, எட்டடித் தடத்தை ஐப்பசிக்குள் இருபதடி ஆக்கினார்கள். ஜல்லி கொட்டினேன். அடுத்த மழையில் அதுவும் ஓடைக்குப் போனது.

மண்ணும்தான். ஓடைக்குக் கீழே ஒருவர் பீன்ஸ் பாசனத்துக்கு வெட்டி வைத்திருந்த குட்டை பாதிக்கு மேல் தூர்ந்தது. அவர் கேட்டு வந்தபோது கஜா வந்து போயிருந்தது. “புயலுக்கு யாருண்ணே பொறுப்பு?” என்றேன். அவர் தன் காசில் ஆள் விட்டுத் தூர் வாரினார்.

அடுத்த வருஷம் புதுத் தடம் போட்டேன். அதற்கும் கூலி வாங்கினேன், முழுக் கூலி. இந்த முறை சரிவுக்குக் குறுக்கே, மேஸ்திரி காட்டிய பழைய குதிரைப் பாதையை ஒட்டியே போனேன். தண்ணீர் பரவலாக வழிந்துவிட, தடத்தின் வெளியோரத்தைக் கொஞ்சம் தாழ்த்தினேன். சிறு தூரத்துக்கு ஒருமுறை தடம் இறங்கி மறுபடி ஏறும்படி மடிப்பு வைத்தேன். தேங்குவதற்குள் தண்ணீர் அங்கே வெளியேறிவிடும். தண்ணீருக்காக வைத்த அந்த மடிப்புகளில் வண்டி முங்கி எழும்போதுதான் விருந்தாளிகள் கத்துகிறார்கள், இன்னொரு சுற்று கேட்கிறார்கள். பழைய நேர்கோட்டில் ஒரு தடவை இறங்கியவர் மறுபடி கேட்டதே இல்லை. அவர்கள் வெளிறிப்போய் இறங்குவதைச் சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பழைய தடத்தின் குறுக்கே கல் அடுக்கி, முள்ளை வெட்டிப் போட்டு மூடினோம். முதலில் முளைத்தது உண்ணிச்செடிதான். மேலேயிருந்து பார்த்தால் தழும்பு இன்னும் தெரிகிறது.

போன தடவை போயிருந்தபோது முதலாளி விருந்தாளிகளுக்கு அதைக் காட்டி, “கஜா பண்ணின வேலை, இல்ல சார்?” என்று என்னைப் பார்த்தார். மேஸ்திரி பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.