வரப்புப் பூவும் சீமைச் சாமந்தியும்

சேலம் சூரமங்கலத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கரில் கீரையும் சாமந்தியும் பயிர் செய்கிறார் அந்த அம்மா. உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டு போக வேண்டும் என்பதால் விடியும் முன்பே எழுந்துவிடுவார். ஆனால், இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது, வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொல்லி, காய்ந்த சீமைச் சாமந்திப் பூ பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

பொட்டலத்தின் மேல் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஒரு பூவின் படம். "இது நம்ம வரப்புல கெடக்குற பூவாட்டம் இருக்குதே. இதுக்குப் போயி காசு குடுத்தியா கண்ணு?" என்றார் அம்மா. மறுநாளே ஒரு கூடை பறித்து வந்து முறத்தில் காயப்போட்டார். மாலைக்குள் இரண்டு முன்கைகளும் சிவந்து அரித்தன.

"குடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா பாத்துருவோம் அத்தை" என்று மருமகள் ஒரு தட்டை எடுத்து வந்தார்.

பொட்டலத்துப் பூவில் ஆப்பிள் வாசனை. நெடுக்காகக் கீறினால் மஞ்சள் குமிழுக்குள் வெற்றிடம். இதுதான் சீமைச் சாமந்தியின் அடையாளம். அதன் இலைகள் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் செடி இது. வட இந்தியாவில் குளிர்காலப் பயிராக விதைக்கிறார்கள். நம் சமவெளி வரப்புகளில் தானாக முளைத்துக் கிடப்பதில்லை.

முறத்தில் கிடந்தவை இரண்டு வகை. நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, நுனியில் மூன்று பற்கள் கொண்ட நாலைந்து வெளிர் இதழ்கள், சொரசொரப்பான இலை என்றிருந்தது வெட்டுக்காயப் பூண்டு. இலையைக் கசக்கிக் காயத்தில் பூசுவார்களே, அதேதான். கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாக, மிளகளவு வெள்ளைப் பூக்களோடு இருந்தது பார்த்தீனியம். கையை அரிக்க வைத்தது அதுதான். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பார்த்தீனியம் 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. அதன் மகரந்தம் மூச்சிரைப்பையும் தூண்டும். மாடு தின்றால் பால் கசக்கும். அதை ஒழிக்க 1984-ல் பெங்களூரில் மெக்சிகன் வண்டுகளை விட்டார்கள். ஆனாலும், செடி இன்னும் ஒழியவில்லை. பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே நல்லது.

அம்மா முறத்தோடு எருக்குழிக்குக் கிளம்பினார். மருமகள் தடுத்தார். விதை எருவோடு வயலுக்கே திரும்பி வந்துவிடும் அல்லவா? அனைத்தையும் எரித்தார்கள்.

"அப்போ பொட்டலத்துல இருக்கறதையாச்சும் குடிக்கலாமா?"

"அதுவும் வேண்டாம் அத்தை. சாமந்தி, பார்த்தீனியம், இது எல்லாமே ஒரே குடும்பம். ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு இன்னொண்ணும் ஒத்துக்காமப் போகலாம். மொதல்ல டாக்டர்கிட்ட கையக் காட்டுவோம்."

"வருசமெல்லாம் சாமந்தி பறிச்ச கை. கடைசில பூவப் பாத்தே ஏமாந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தை மடித்துப் பரணில் வைத்தார் அம்மா.