அடியில் இல்லாத பெயர்



ஒரு பாத்திரம் எங்கே பிறந்தது என்பதை அறிய அதைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. போர்க்கால நினைவுப்பொருள்களை ஆராய்கிறவர்களும் முதலில் அதையே செய்கிறார்கள்.

முதல் உலகப்போரில் பீரங்கி சுட்டபின் எஞ்சிய பித்தளை உறைகளைப் பலர் பூச்சாடிகளாக மாற்றினார்கள். அவற்றின் அடியில் பீரங்கியின் அளவும், ஆலையின் குறியும், ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமை. ஆனால் கவனியுங்கள்: 1916 என்ற முத்திரை, உறை தயாரிக்கப்பட்ட ஆண்டையே காட்டும். அதைப் பூச்சாடியாக்கியவர் போர்வீரரா, கைதியா, போருக்குப் பின் வந்த பயணிகளுக்கு விற்கச் செய்த ஊர்க்காரரா என்பதை அது சொல்லாது. அழிக்கச் செய்தவனின் குறி பித்தளையில் நிலைத்திருக்கிறது. அழகாக்கியவனின் பெயரை ஒரு சாட்சிதான் சொல்ல வேண்டும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கி முகாமில் அடைபட்டிருந்த கைதிகளில் ஒருவரான ஹாரி ஸ்டாக்டன், 4.5 அங்குல ஹோவிட்சர் பீரங்கியின் குண்டு உறையிலிருந்து ஒரு சிலுவையை உருவாக்கினார். முகாமின் போதகர் எரிக் கார்டிங்லி அதை ஆராதனையில் பயன்படுத்தினார். சயாம் ரயில்பாதை முகாம்களுக்கும் கூடவே கொண்டுசென்றார். ஸ்டாக்டன் வீடு திரும்பவில்லை. சிலுவையோ 1992இல் சிங்கப்பூருக்குத் திரும்பி, இன்று சாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருகிலிருந்தவர்கள் அறிந்து சொன்னதால் அதைச் செய்தவரின் பெயரும் அதனோடு வாழ்கிறது.

அதே ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழ்மக்கள் பல்லாயிரம் பேர் உழைத்தார்கள். திரளானோர் அங்கேயே மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயரை இன்று நாம் அறிவோம்? அவர்களுக்காகச் சொல்ல ஆளில்லாமற்போயிற்று.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆசரிப்புக்கூடாரத்தின் பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கு தேவன் பெசலெயேலைப் பெயர்சொல்லி அழைக்கிறார். அவனுடைய தகப்பன் பெயர், பாட்டன் பெயர், கோத்திரம் எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கூடாரம் இன்று இல்லை. அந்தக் கைவினைஞனின் பெயர் இருக்கிறது. கைவேலையைக் காண்கிற நம் தேவன், அந்தக் கையையும் காண்கிறவர்.

ஆகவே, ரங்கூனிலிருந்தோ மலாயாவிலிருந்தோ வந்த ஒரு பெட்டியோ, பித்தளைச் செம்போ உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். அதை விற்பதற்கும் விளக்குவதற்கும் முன்பு வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேளுங்கள்: இதைச் செய்தது யார், கொண்டுவந்தது யார், எந்த ஆண்டில்? கேட்டதை ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளுக்குள்ளேயே வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். சாட்சி சொல்லும் வாய்கள் நம்மிடையே குறைந்துவருகின்றன.

நம் ஒவ்வொருவரையும் பெயரோடு அறிந்திருக்கிற கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.