வெளிக்களத்துப் பையன்

பேஸ்பால் ஆட்டத்தை நான் நேரில் பார்த்தவனல்ல. கிரிக்கெட்டுக்கு ஏதோ ஒன்றுவிட்ட உறவு என்கிற அளவில்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் வில்லி மேஸின் ஆரம்பக் கதையை மாத்திரம் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

1950-இல் ஆள் பொறுக்க வந்த எடி மாண்டேகு உண்மையில் வேறொரு ஆட்டக்காரனைப் பார்க்க வந்தவர். கண்ணில் பட்டவனோ வெளிக்களத்தில் நின்ற இந்த 19 வயதுப் பையன்! நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவனை எடுத்துக்கொண்டு, பழகட்டும் என்று கீழ் லீகுக்கு அனுப்பியது. முதலில் டிரென்டன், மறுவருஷம் மினியாபொலிஸ். அங்கே 35 ஆட்டங்களில் சராசரி .477, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 48. முப்பது வந்தாலே கெட்டிக்காரன் என்பார்கள்.

1951 மே மாதம் சினிமாக் கொட்டகையில் இருந்தவனைத் தேடிப் பிடித்து, புறப்படு என்றார்கள். பெரிய லீகில் தன்னால் முடியாது என்றானாம். போனான். முதல் 12 வாய்ப்பும் பூஜ்யம். பிறகு ஒரு ஹோம் ரன், மறுபடியும் வறட்சி. அழுதுகொண்டிருந்தவனிடம் மானேஜர் லியோ டூரோஷர், தாம் இருக்கும்வரை நடு வெளிக்களம் அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷமே சிறந்த புதுமுகம் என்ற பரிசு அவனுக்கு.

மாண்டேகுவைப் புகழ்கிறார்கள், புகழட்டும். எனக்கு டூரோஷர்தான் பெரியவர். நானும் ஒரு பத்திரிகையில் கதை பொறுக்கியவன். ஓர் இளைஞனைக் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்தேன். அடுத்த மூன்று கதைகள் சோடை போயின. நாலாவதைப் படிக்காமலே திருப்பியனுப்பினேன். அப்புறம் அவன் எழுதவில்லை.

உறையின் மேல் இருந்த அவன் கையெழுத்து இன்னும் ஞாபகமிருக்கிறது.