துப்பாக்கிக்கு ஒரு நியாய விலை

ஒரு பொருளை வாங்கும்போது அதன் குறைகளைத் தேடுகிறோம். விற்கும்போது அதன் நிறைகளை மட்டுமே எண்ணிப் பார்க்கிறோம். இது மனித இயல்பு. மாணவர்க்குக் குறள் போதிக்கும் நானும் இவ்வியல்புக்கு விலக்கானவன் அல்லன் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய துப்பாக்கி.

என் தந்தையார் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாகப் பணியாற்றியவர். 1968-ஆம் ஆண்டில், தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து, முறைப்படி உரிமம் பெற்று, ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியை 150 வெள்ளிக்கு வாங்கினார். அது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட 12 போர் துப்பாக்கி. தோட்டத்தை ஒட்டி அவர் பயிரிட்டிருந்த மரவள்ளியையும் வாழையையும் காட்டுப்பன்றிகளிடமிருந்து காத்தது அதுவே. ஞாயிறுதோறும் அவர் வாசலில் அமர்ந்து குழலுக்கு எண்ணெய் இடுவார். நான் அருகிருந்து துணி கிழித்துக் கொடுப்பேன்.

2011-இல் அப்பா காலமானார். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருத்தல் குற்றமாகும். நிலத்தைப் போலவோ நகையைப் போலவோ அது பிள்ளைகளின் கைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. ஆகவே அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். பின்னர், உரிய அனுமதியுடன் பட்டணத்து ஆயுத வணிகர் ஒருவரின் கடைக்கு அது சென்றது.

“அண்ணே, ஐயாயிரம் வெள்ளிக்குக் குறையக் கூடாது. அப்பா கைபட்ட துப்பாக்கி அது,” என்றான் என் தம்பி. அவனுடைய லாரிக்கு மூன்று மாதத் தவணை பாக்கி இருந்தது. அவன் சொன்னது நியாயமாகவே எனக்குப் பட்டது.

வணிகர் எழுபதைக் கடந்த சீனப் பெரியவர். தம்பி சொன்ன தொகையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, பாடம் நடத்தும் ஆசிரியரைப் போன்ற பொறுமையுடன், மலாய் மொழியில் விளக்கலானார்.

“உங்கள் தந்தையின் நினைவுக்கு நீங்கள்தாம் விலை கொடுக்க வேண்டும், வாங்க வருபவர் கொடுக்க மாட்டார். உரிமம் உள்ளவர் மட்டுமே இதை வாங்க முடியும். அப்படிப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்? அவர்களுள் பழைய துப்பாக்கியைத் தேடுபவர் எத்தனை பேர்? விலை அங்கேதான் தொடங்குகிறது.”

தேய்த்து மெருகேற்றி, கட்டைக்கு வார்னிஷ் பூசினால் விலை கூடுமா என்று கேட்டேன். கூடாதென்றார். தேய்த்தால் பழைய முத்திரைகள் அழியும். அறிந்தவர்கள், எதை மறைக்கத் தேய்த்தார்கள் என்றே ஐயுறுவர். பின்பு குழலின் அடியிலிருந்த சிறிய முத்திரையைத் தடவிக் காட்டினார். அது இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு உரிய துப்பாக்கி. இக்காலத்தில் பெரிதும் கிடைக்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் அதனுள் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் முழுதும் விரிய இடமின்றி அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும். அதனாலும் விலை குறையும் என்றார். துப்பாக்கியைக் காதருகே பிடித்து மெல்ல அசைத்தார். குழலும் பூட்டும் சேருமிடத்தில் ஆட்டம் இல்லை. “இது நல்ல செய்தி,” என்றார்.

கடைசியில் குழல்களைக் கழற்றி என் கையில் தந்தார். “என் கண்ணில் புரை விழுந்துவிட்டது. சன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே என்ன தெரிகிறது என்று நீங்களே சொல்லுங்கள். துரு அரித்த புள்ளிகள் உண்டா? வளையம் போல ஏதேனும் நிழல் தெரிகிறதா?”

பார்த்தேன். வலக்குழல் கண்ணாடி போல் ஒளிர்ந்தது. இடக்குழலில், நுனிக்குச் சற்று முன்னர், ஒரு கருவளையம் தெரிந்தது.

அவ்வளையம் எனக்குப் புதிதன்று. 1980-ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. மழையிரவில் பன்றியைத் துரத்திய அப்பா வாய்க்காலில் சறுக்கி விழுந்தார். குழல்வாயில் சேறு அடைத்துக்கொண்டதை அறியாமல் சுட்டுவிட்டார். சேற்றில் தடைப்பட்ட ரவையும் புகையும் அவ்விடத்தில் இரும்பை வெளிப்புறமாகத் தள்ளிவிட்டன. கையால் தடவினாலன்றிப் புலப்படாத சிறு வீக்கம். இரும்பு இழுபட்டு மெலிந்த அவ்விடம் என்றேனும் வெடிக்கலாம் என்று அஞ்சி, அப்பா அதன் பிறகு இடக்குழலில் தோட்டா இட்டதே இல்லை. இச்செய்தி என் தம்பிக்குத் தெரியாது.

“இரண்டும் சுத்தமாகவே இருக்கின்றன,” என்றேன் நான்.

பெரியவர் என் சொல்லை நம்பி, 2,400 வெள்ளி கேட்கலாம் என்றார். பழத்தோட்டக்காரர் ஒருவர் மறுநாள் பார்க்க வருவதாகவும் கூறினார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குறைந்தால் தம்பியின் லாரி என்னாகும் என்று ஒருபுறம் கணக்கிட்டேன். அறியாமல் இடக்குழலில் தோட்டா இடப்போகும் ஒரு கையை மறுபுறம் எண்ணினேன். நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் வணிகரைக் குறித்துக் கூறியதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். பிறர் பொருளையும் தம் பொருள் போலக் கருதுவதே வாணிகம் என்று உரை சொன்னவனும் நானே. பிறர் பொருளைக் காக்கச் சொன்ன நான், பிறர் உயிரையே விலை பேசிவிட்டேனே என்று நாணினேன்.

விடிந்ததும் முதல் பேருந்தில் சென்று, கடை திறக்கும் வரை காத்திருந்து, உண்மையைச் சொன்னேன். பெரியவர் சினக்கவில்லை. குழலைத் தடவி வீக்கத்தைக் கண்டார். “நான் கண்ணை இரவல் கேட்டேன், ஆசிரியரே, நீங்கள் பாதிக் கண்ணைத்தான் கொடுத்தீர்கள்,” என்றார். அதைவிடக் கடுமையான தண்டனையை எந்த மாணவனுக்கும் நான் கொடுத்ததில்லை.

பழத்தோட்டக்காரர் வந்தபோது நானே குழலைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். ஒரு குழல் மட்டுமே பயன்படும் துப்பாக்கி என்ற கணக்கில் 1,100 வெள்ளிக்கு முடிந்தது. இடக்குழலைப் பயன்படுத்தலாகாது என்பதும், தோட்டாவின் அளவும் ரசீதில் எழுதப்பட்டன.

தம்பியிடம் முழுத்தொகையையும் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. “அப்பா ஏன் எப்போதும் வலப்பக்கம் மட்டுமே தோட்டா போட்டார் என்று இப்போதுதான் புரிகிறது, அண்ணே,” என்றான். தவணைக்குக் குறைந்ததை என் சம்பளத்திலிருந்து இரு மாதங்களில் கட்டினோம்.

விற்பவன் அறிந்த குறை முழுவதையும் வாங்குபவனும் அறிந்த பிறகு, இருவரும் ஒப்புக்கொள்ளும் தொகை எதுவோ அதுவே நியாய விலை என்று இன்று நான் கருதுகிறேன். அக்குறளை இப்போதும் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உரை சொல்வதற்கு முன், சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.