ஒட்டிய பக்கங்கள்

பன்னிரு பன்னிரண்டு 144. வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூடம் சொல்லித் தருமுன் தீப்பெட்டி சொல்லித் தந்துவிட்டது. 144 பெட்டி கொண்ட குரோஸ் கணக்கில்தான் கூலி. சாத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டும் வேலை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்ட பசை. அந்தக் கையோடு சோற்றைத் தொடாதே என்பாள் அம்மா. புத்தகத்தைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை.

*

முதலில் படித்தது பொட்டலக் காகிதம். சீரகத்தைக் கொட்டியதும் வாங்கி நீவிக்கொள்வேன். தொடர்கதையின் நடுத்துண்டு, ஜவுளிக்கடை விளம்பரம், பாதி ராசிபலன். கதைக்குத் தலையும் வாலும் உண்டு என்பதே பின்னால்தான் தெரிந்தது.

*

இரும்புக்கை மாயாவி. அவர் கதை வந்த முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வந்தது. தீப்பெட்டி லேபிளும் அங்கிருந்துதான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர ஆளே மறைந்துவிடுவார். எனக்கும் மறைய ஆசை. நல்லவேளை, எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை.

*

கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஏஜென்ட் பெட்டி எடுக்க வருவது சனிக்கிழமை. ஆக, வெள்ளி ராத்திரி வேலை நெரிக்கும் நேரத்தில் நூலகமும் கிடையாது. 1948 நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் உண்டு. எங்களுடையது வாடகை வீடு. வரி கட்டியவர் வீட்டுக்காரர். நூலகத்தில் அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை.

*

ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் தன்வரலாற்றில் இரண்டாம் பாகம். தமிழ்ப் புத்தகம், தடித்த அட்டை. அதில் பையன் வேலைக்கிருந்த வீட்டில் ராத்திரி படிக்க விட மாட்டார்கள். செம்புப் பாத்திரத்தில் நிலா வெளிச்சத்தைப் பிடித்துப் பக்கத்தில் விழவைக்கப் பார்க்கிறான் பையன், நடக்கவில்லை. நான் எவர்சில்வர் தட்டில் பார்த்தேன். எனக்கும் நடக்கவில்லை. அவன் மெழுகுவர்த்தி வடிந்ததைச் சுரண்டி மத்தி மீன் டப்பாவில் விளக்கு செய்துகொள்கிறான். நான் சிம்னி விளக்கைத் திருடிக்கொண்டு போனேன், அடுப்படிக்கு.

*

படிப்பு ஆறுதல் தந்தது என்று மேடையில் சொல்கிறவர்களைக் கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நானும் சொல்லியிருக்கிறேன். நான் அடுப்படியில் கிடந்த நேரத்தில் என் பங்குப் பெட்டியை ஒட்டியது அக்கா. ஐந்தாவதோடு நின்றவள். கை நிற்காது அவளுக்கு.

*

ஒரு வெள்ளி ராத்திரி அம்மாவே சொன்னாள்: “சும்மா எதுக்கு ஒளியுற? இங்கிட்டு உக்காந்து சத்தமா வாசி, நாங்களும் கேக்குறோம்.” அதே கார்க்கியை வாசித்தேன். வோல்காவில் போகும் கப்பல். சமையல்காரர் ஸ்மூரியிடம் பெட்டி நிறையப் புத்தகம். பாத்திரம் கழுவுகிற பையனை வேலையிலிருந்து கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லி உட்கார வைக்கிறார்.

அக்கா தலை நிமிராமல் கேட்டாள்: “அப்ப மிச்சப் பாத்திரத்த யாருடா கழுவுனா?”

அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று சொல்லித் திருப்பினேன். பசையில் ஒட்டிக் கிடந்தது.